எந்தச் சமயத்தின் பக்கமும் நில்லாத சமயக் கல்வி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் சமயங்களைப் பற்றிக் கற்பிக்க முன்வரும் ஆசிரியர்களும், தம் பிள்ளைக்கு அந்த வகுப்பில் என்ன சொல்லித்தரப்படுகிறது என்று அறிய விரும்பும் பெற்றோரும் எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தர முயன்றிருக்கிறோம்.

சார்பற்ற சமயக் கல்வி என்றால் என்ன?

சமயங்கள் எவற்றை நம்புகின்றன, எவ்வாறு வழிபடுகின்றன, எந்த நூல்களைப் புனிதமாகக் கொள்கின்றன, வரலாற்றில் எப்படி மாறி வந்துள்ளன, இன்று வாழும் மனிதர்களின் அன்றாடத்தில் எவ்வாறு இயங்குகின்றன என்பனவற்றைப் பாடமாகக் கற்பித்து, அவற்றுள் எதையும் மாணவர் ஏற்க வேண்டும் என்றோ மறுக்க வேண்டும் என்றோ எதிர்பாராத கல்வி இது. சமயப் போதனையின் நோக்கம் வேறு: ஒரு குறிப்பிட்ட நெறியில் பிள்ளையை வளர்த்தெடுப்பது. அது குடும்பத்துக்கும் வழிபாட்டு நிலையத்துக்கும் உரிய நேர்மையான பணி. அதில் குறை காண ஒன்றுமில்லை. பொதுப் பள்ளி அந்தப் பணியைத் தானே எடுத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல் எழுகிறது, ஏனெனில் அங்கே பல வீடுகளின் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள், அவர்களுள் பலருக்கு அந்த வகுப்பைத் தவிர வேறு வழியும் இல்லை.

பர்மிங்காமில் பணியாற்றிய மைக்கேல் கிரிமிட், ஜான் ஹல் ஆகிய கல்வியாளர்களின் எழுத்துகள் வழியே மூன்று நிலைகளாகப் பிரித்துப் பேசும் வழக்கம் பரவியது: ஒரு சமயத்தையே கற்பது, சமயத்தைப் பற்றிக் கற்பது, சமயத்திலிருந்து கற்பது. முதலாவது போதனை. இரண்டாவது இந்தப் பக்கத்தின் பொருள். மூன்றாவது, ஒரு சமயம் எழுப்பும் கேள்விகளைத் தன் வாழ்க்கைக்குப் பொருத்தி மாணவர் சிந்திப்பது. பயனுள்ளது என்றாலும், அந்தச் சிந்தனையின் முடிவுக்கு மதிப்பெண் போடத் தொடங்கினால் எல்லை மீறப்பட்டுவிடும் என்பது எங்கள் கருத்து.

ஒரு பாடம் உண்மையிலேயே சார்பற்றதா என்பதை எப்படிக் கண்டறிவது?

பாடத்திட்டத்தின் முன்னுரையைப் படித்து அதைக் கண்டறிய முடியாது. எல்லா முன்னுரைகளும் பன்மையையும் மதிப்பையும் பேசுகின்றன. வினாத்தாளைக் கேட்டு வாங்குங்கள். எதற்கு மதிப்பெண் வழங்கப்படுகிறது என்பதே ஒரு பாடத்தின் உண்மையான நோக்கத்தைக் காட்டிக்கொடுக்கும். “இறைவனின் கருணையை விளக்குக” என்ற வினாவுக்கு, இறைவன் இருப்பதாக ஏற்காத மாணவர் பொய் சொல்லாமல் விடை எழுத முடியாது. “இறைவனின் கருணை என்ற கருத்தை வைணவர்களும் கிறித்தவர்களும் எவ்வாறு விளக்குகின்றனர், அவ்விளக்கங்கள் எங்கே வேறுபடுகின்றன?” என்ற வினாவுக்கு வைணவரும் கிறித்தவரும் முஸ்லிமும் எதையும் நம்பாதவரும் ஒரே நேர்மையோடு எழுதலாம், எவரும் முழு மதிப்பெண் பெறலாம். ஒரு பாடத்தின் எல்லா வினாக்களும் இந்தச் சோதனையில் தேறினால், ஆசிரியரின் தனிப்பட்ட சாய்வு எதுவாக இருந்தாலும், அந்தப் பாடம் பெருமளவு பாதுகாப்பானது.

நீதிமன்றமும் இதைக் கவனித்திருக்கிறது. துருக்கியில் சுன்னி அல்லாத அலெவி மரபைச் சேர்ந்த ஒரு குடும்பம் தொடுத்த வழக்கில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007 அக்டோபரில் தீர்ப்பளித்தபோது, பள்ளியின் கட்டாயச் சமயப் பாடம் சுன்னி இஸ்லாத்தின் புரிதலுக்கே முதன்மை அளிப்பதையும், குர்ஆன் அத்தியாயங்களை மனப்பாடம் செய்வதும் தொழுகை முறைகளைப் படிப்பதும் தேர்வுக்கு உரியனவாக இருப்பதையும் சுட்டிக்காட்டியது. அந்தப் பாடத்தின் பெயரில் சமயப் பண்பாடும் அறவியலும்தான் இருந்தன.

பல சமயங்களைச் சேர்த்துக் கற்பித்தாலே அது சார்பற்றதாகிவிடாதா?

ஆகாது. இதற்கு நல்ல சான்று நம் கையிலேயே இருக்கிறது. மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில் சைவவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி (சமணர்), சாங்கியவாதி, பூதவாதி (உலகாயதர்) எனப் பலரும் தத்தம் கொள்கையைத் தம் வாயாலேயே எடுத்துரைக்கின்றனர். பொருளடக்கத்தை மட்டும் பார்த்தால் பல சமயங்களைத் தழுவிய ஒப்பீட்டுப் பாடம் போலவே இருக்கும். ஆனால் அந்தக் காப்பியம் அவற்றை வரிசையாகக் கேட்கவைப்பது, அவை போதா என்று காட்டி, காஞ்சியில் அறவண அடிகள் என்ற பௌத்தத் துறவியிடம் பௌத்த தருமத்தைக் கேட்கும் இடத்துக்குத் தலைவியைக் கொண்டுசேர்க்கத்தான். ஒரு பௌத்தக் காப்பியம் அப்படிச் செய்வது முற்றிலும் முறையானது. அதே அமைப்பை ஒரு பொதுப் பள்ளிப் பாடநூல் கைக்கொண்டு, பிற சமயங்களை முன்படிகளாகவும் ஒரு சமயத்தை உச்சியாகவும் அடுக்கினால், அங்கே எத்தனை சமயங்கள் இடம்பெற்றாலும் அது போதனைதான்.

நம்பிக்கையின்மையை மறைமுகமாகப் புகட்டுவதுதானே இது?

இந்த அச்சத்தை எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. தவறாகக் கற்பிக்கப்படும் இடங்களில் அப்படி நிகழவும் செய்கிறது. வழிபாடு என்பது பண்டைய மனிதரின் அச்சத்திலிருந்து பிறந்தது, நோன்பு என்பது உடல்நலத்துக்காக ஏற்பட்டது, சடங்குகள் எல்லாம் சமூகத்தைக் கட்டிவைக்கும் உத்திகள் என்று சொல்லிக்கொண்டே போகும் ஆசிரியர் தாம் நடுநிலையாளர் என்றே நினைத்துக்கொள்வார். ஆனால் நோன்பிருப்பவர் தாம் ஏன் நோன்பிருக்கிறார் என்று சொல்லும் காரணத்தை அவர் வகுப்பில் ஒருமுறைகூடக் கேட்கவைக்கவில்லை என்றால், அவர் கற்பித்தது ஒரு தரப்பின் விளக்கம் மட்டுமே. பின்பற்றுவோரின் விளக்கம் முதலில் வர வேண்டும். சமூகவியல், வரலாற்று விளக்கங்கள் அதன் பிறகு, அவையும் விளக்கங்களே என்ற அடையாளத்தோடு வரலாம்.

இதற்கு எதிர்ப்புறத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது, அதை எவரும் பள்ளமாகவே கருதுவதில்லை. எல்லாச் சமயங்களும் ஒரே உண்மையைத்தான் வெவ்வேறு பெயர்களில் சொல்கின்றன என்ற கூற்று இனிமையானது, மேடைக்கு ஏற்றது. ஆனால் அதுவே ஒரு சமயக் கொள்கை. சிலர் அதை ஆழ்ந்து நம்புகிறார்கள், வேறு பலர் தம் நம்பிக்கையின் அடிப்படையிலேயே அதை மறுக்கிறார்கள். படைப்புக் கடவுளை ஏற்காத சமணத்தையும் பௌத்தத்தையும் ஒரே இறைவனைப் பாடும் சமயங்களோடு சேர்த்து ஒரே வாக்கியத்தில் அடக்கினால் எவரையும் சரியாகச் சொன்னதாகாது. எம்மதமும் சம்மதம் என்று சொல்லிப் பாடத்தை முடித்துவிடுவது வசதியானது. வேறுபாடுகளைக் கூசாமல் விளக்கிவிட்டு, வேறுபட்டவர்கள் ஒரே ஊரில் எப்படி வாழ்வது என்று கேட்பதே கல்வி.

வகுப்பறையில் ஆசிரியர் எவ்வாறு பேச வேண்டும்?

ஒவ்வொரு கூற்றும் யாருடையது என்பது கேட்பவருக்குத் தெளிவாக இருக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு போதும். பொந்தியு பிலாத்து ஆளுநராக இருந்த காலத்தில் இயேசு சிலுவையில் அறையப்பட்டார் என்பதை வரலாற்றாய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கின்றனர். அவர் மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பது கிறித்தவர்களின் நம்பிக்கை. அவர் சிலுவையில் கொல்லப்படவே இல்லை என்பது குர்ஆனின் அடிப்படையில் முஸ்லிம்களிடம் பெரும்பான்மையாக உள்ள புரிதல். ஒரே நிகழ்ச்சியைச் சுற்றி வரலாற்றுக் கூற்று ஒன்றும் நம்பிக்கைக் கூற்றுகள் இரண்டும் இருக்கின்றன. இம்மூன்றையும் ஒரே வினைமுற்றில் சொல்லிவிட்டால் மாணவர் குழம்புவார், மூன்றையும் பிரித்துச் சொன்னால் பத்து நிமிடத்தில் அவர் பெறும் தெளிவு பல அத்தியாயங்களுக்குப் பயன்படும்.

“நம்புகிறார்கள்” என்று சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் எண்ணிவிட வேண்டாம். எவர் நம்புகிறார்கள் என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. “அனைத்தும் ஒன்றே என்று இந்துக்கள் நம்புகிறார்கள்” என்று எழுதும் பாடநூல், பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைப் பிணிக்கும் தளை) ஆகிய மூன்றும் தொடக்கமற்ற தனிப்பொருள்கள் என்று கொள்ளும் சைவ சித்தாந்தியை அவருடைய சமயத்தைப் பற்றிய பாடத்திலேயே காணாமலாக்கிவிடுகிறது. குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிப்பதில் கத்தோலிக்கரும் பாப்டிஸ்டுகளும் வேறுபடுகிறார்கள். நபிக்குப் பின் தலைமை யாருக்கு உரியது என்பதில் சுன்னிகளும் ஷியாக்களும் வேறுபடுகிறார்கள். “பலர்”, “சிலர்”, “இந்தப் பிரிவினர்” என்ற சிறு சொற்கள் வாக்கியத்தின் அழகைக் கெடுக்கும் என்று நீக்கிவிடும் பதிப்பாசிரியர்கள் உண்டு. அவர்களோடு போராட வேண்டியிருக்கும்.

இன்னும் நுட்பமான சார்பு ஒன்று உண்டு. பெரும்பான்மையினரின் சமயத்தை நேர்க்கூற்றாகவும் மற்றவற்றை “நம்பிக்கையாகவும்” எழுதுவது. ஒரு மரபின் கதையை வரலாறு என்றும் இன்னொன்றின் கதையைப் புராணம் என்றும் அழைப்பது. ஒரு சமயத்தின் தலைவருக்கு மட்டும் பக்தர்கள் வழங்கும் அடைமொழியைச் சேர்ப்பது. மரியாதைப் பன்மை எல்லோருக்கும் ஒன்றுபோல் இருக்கட்டும். பக்தி அடைமொழிகள் மேற்கோளுக்குள் மட்டும் வரட்டும். கையெழுத்துப்படியை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சமயத்தின் அத்தியாயத்திலும் வினைமுற்றுகளை மட்டும் அடிக்கோடிட்டுப் பார்த்தால் இந்தச் சாய்வு தானே தெரியவரும்.

“இதில் எது உண்மை?” என்று மாணவர் கேட்டால்?

நல்ல மாணவர் இதைக் கேட்டே தீருவார். 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் வலுப்பெற்ற அணுகுமுறை, நம் தீர்ப்பைத் தற்காலிகமாக ஒதுக்கிவைத்து, ஒரு சமயத்தை அதைப் பின்பற்றுவோரின் கண்கொண்டு பார்க்கச் சொன்னது. நினியன் ஸ்மார்ட் அதன் முன்னோடி. 1967இல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சமய ஆய்வுத் துறை வழியாகவும், சடங்கு, கதை, கோட்பாடு, அறம், சமூகம், அனுபவம் எனச் சமயத்தின் பரிமாணங்களைப் பிரித்துக்காட்டிய அவருடைய முறை வழியாகவும் அது பள்ளிகளை எட்டியது. அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆனால் திறமையற்ற கைகளில் அது பண்டிகைகளின் அட்டவணையாகச் சுருங்கியது: இவர்கள் விளக்கேற்றுவார்கள், அவர்கள் மரம் அலங்கரிப்பார்கள், அடுத்த வாரம் இன்னொரு விழா. சமயத்தவர் தம் கூற்றுகளை உண்மை என்று கருதியே வாழ்கிறார்கள் என்ற அடிப்படைச் செய்தியே காணாமல் போனது. ஆண்ட்ரூ ரைட் போன்றோர் பின்னாளில் எழுப்பிய விமர்சனம் இதுதான்: உண்மை பற்றிய கேள்வியை வகுப்பிலிருந்து வெளியேற்றுவது சமயத்துக்கும் மாணவருக்கும் இழைக்கும் அநீதி.

எனவே விடையை ஆசிரியர் தர வேண்டியதில்லை, கேள்வியை அடக்கவும் வேண்டியதில்லை. “இது உண்மை என்பதற்கு அவர்கள் தரும் காரணங்கள் எவை, மறுப்போர் தரும் காரணங்கள் எவை, அவற்றுள் எவை சான்றை நாடுகின்றன, எவை அனுபவத்தை நாடுகின்றன, எவை நூலின் அதிகாரத்தை நாடுகின்றன?” என்று பிரித்துப் பார்க்கக் கற்றுத்தரலாம். முடிவு மாணவருடையது. அந்த முடிவுக்கு அவர் சொல்லும் காரணத்தின் தரத்துக்கு மதிப்பெண் உண்டு. முடிவுக்கே மதிப்பெண் கிடையாது.

ஆசிரியர் பக்தராக இருக்கலாமா? தம் நம்பிக்கையை வெளியில் சொல்லலாமா?

பக்தராகவும் இருக்கலாம், நாத்திகராகவும் இருக்கலாம். மாணவர் நேரடியாகக் கேட்டால் ஒரு வாக்கியத்தில் உண்மையைச் சொல்லிவிட்டு, “நான் தரும் மதிப்பெண்ணுக்கும் இதற்கும் தொடர்பில்லை” என்று சேர்ப்பதே மழுப்புவதைவிட மேல். கேட்காதபோது சொல்ல வேண்டிய தேவை எழுவதில்லை. சிறு வகுப்புகளில் ஆசிரியரின் சொல் வேதவாக்காகிவிடும் என்பதால் அங்கே கூடுதல் அடக்கம் வேண்டும்.

வகுப்பில் உள்ள ஒரு மாணவரைத் தம் சமயத்தைப் பற்றிப் பேசச் சொல்லலாமா?

அவரே விரும்பி முன்வந்தால் ஒழிய வேண்டாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு பெரும் சமயத்தின் தூதராக முடியாது. அவர் வீட்டு வழக்கம் பாடநூலோடு முரண்பட்டால் வகுப்பு அவரையே தவறு என்று எண்ணும். எங்கோ நடந்த வன்முறைக்கு அவர் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். தம் சமயத்தைப் பற்றித் தாம் கொண்டிருக்கும் ஐயங்களை அவர் மறைக்கவும் நேரலாம். வாரிக் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஜாக்சன் பிள்ளைகளின் உண்மையான சமய வாழ்க்கையை அருகிருந்து ஆராய்ந்து வகுத்த முறையில், தனிமனிதர், அவர் சார்ந்த குழு, பரந்த சமய மரபு ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று உறவுபடுத்திப் பார்க்கச் சொல்கிறார். பாடநூலின் “இஸ்லாம்” ஒன்று, குறிப்பிட்ட ஒரு குடும்பத்தின் இஸ்லாம் இன்னொன்று. இரண்டும் உண்மையே என்பதைப் புரியவைக்க, எழுத்திலோ காணொளியிலோ வந்த வேற்றூர் மனிதர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைப் பயன்படுத்துவது வகுப்பிலுள்ள பிள்ளையைக் காட்சிப்பொருளாக்குவதைவிட நல்லது.

வழிபாட்டு இடங்களுக்கு அழைத்துச் செல்லலாமா? சடங்குகளை நடித்துக் காட்டலாமா?

செல்லலாம், பார்வையாளராக. கேள்வி கேட்கலாம், வரையலாம், குறிப்பெடுக்கலாம். பிரசாதத்தை ஏற்பது, குனிந்து வணங்குவது, நெற்றியில் எதையேனும் இட்டுக்கொள்வது ஆகியவற்றைத் தவிர்க்க எவருக்கும் உரிமை உண்டு என்பதை, பிள்ளைகளிடமும் வரவேற்கும் நிலையத்தாரிடமும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். சடங்கை வகுப்பில் நடித்துக் காட்டுவதில் இரட்டைச் சிக்கல் உண்டு: அதைப் புனிதமாகக் கருதுவோருக்கு அது கேலி, அதை ஏற்காதோருக்கு அது கட்டாய வழிபாடு.

எல்லாச் சமயங்களுக்கும் சம நேரம் ஒதுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. நேரத்தின் அளவு வேறுபடலாம், நோக்கும் மொழியும் வேறுபடக் கூடாது. இங்கிலாந்து, வேல்ஸுக்கான 1988ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டம், கிரேட் பிரிட்டனின் சமய மரபுகள் பெரும்பாலும் கிறித்தவம் சார்ந்தவை என்பதைப் பாடத்திட்டம் பிரதிபலிக்க வேண்டும் என்றும், அங்குள்ள பிற முதன்மைச் சமயங்களையும் கருத்தில்கொள்ள வேண்டும் என்றும் ஒரே வாக்கியத்தில் சொன்னது. சமயமல்லாத உலகநோக்குகளும் இதில் அடங்கும். 2015இல் லண்டன் உயர் நீதிமன்றம், சமயமல்லாத நோக்குகளைப் பெரிதும் விட்டுவிட்ட ஒரு தேர்வுப் பாடப்பகுதியே சட்டக் கடமையை முழுமையாக நிறைவேற்றும் என்று அமைச்சகம் அறிவித்தது தவறு எனத் தீர்ப்பளித்தது. ஆறு சமயங்களை மேலோட்டமாகத் தொட்டுச் செல்வதைவிட மூன்றை ஆழமாகக் கற்பிப்பது மேல் என்பது எங்கள் பரிந்துரை.

சமயத்தின் பெயரால் நடந்த கொடுமைகளைப் பேசலாமா?

பேசியே ஆக வேண்டும். தீண்டாமை, சிலுவைப் போர்கள், சமயத்தின் பெயரால் நடந்த கொலைகள், பெண்களுக்கு மறுக்கப்பட்ட உரிமைகள் ஆகியவற்றை விட்டுவிட்டு விழாக்களை மட்டும் கற்பிக்கும் பாடம் விளம்பரத் தாளாகிவிடும். ஒரு நிபந்தனை: கொடுமையைச் சொல்லும்போது, அதே மரபின் உள்ளிருந்து அதை எதிர்த்தவர்களையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அடிமைமுறையை விவிலியம் காட்டி நியாயப்படுத்தியவர்களும் உண்டு, அதே விவிலியம் காட்டி எதிர்த்த குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினரும் உண்டு. இரண்டையும் கற்ற மாணவர், “அந்தச் சமயமே அப்படித்தான்” என்ற முடிவுக்கு அவசரப்படமாட்டார். எல்லாச் சமயங்களின் குறைகளும் ஒரே கண்டிப்போடு எடுக்கப்படுகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். பிறருடைய குறை அத்தியாயமாகவும் நம்முடையது அடிக்குறிப்பாகவும் இருந்தால், மாணவர்கள் அதை நம்மைவிட விரைவில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்த அணுகுமுறை எப்போது தோன்றியது?

படிப்படியாக. 1870இல் இங்கிலாந்தின் கல்விச் சட்டம், அரசு சார்ந்த புதிய பள்ளிகளில் குறிப்பிட்ட திருச்சபைப் பிரிவுக்கே உரிய ஞானோபதேசத்தைக் கற்பிக்கத் தடைவிதித்தது. அங்கே நடுநிலை என்பது கிறித்தவத்தின் உட்பிரிவுகளுக்கு இடையில் மட்டுமே. 1944ஆம் ஆண்டுச் சட்டம் சமய போதனையையும் கூட்டு வழிபாட்டையும் கட்டாயமாக்கியது. முழுமையான திருப்பத்தை முதலில் சட்டபூர்வமாக எடுத்த நாடுகளுள் சுவீடன் ஒன்று: 1962இல் கிறித்தவப் பாடம் சார்பின்றிக் கற்பிக்கப்பட வேண்டும் என்றாகி, 1969இல் பாடத்தின் பெயரே சமய அறிவு என மாறியது. தென்னாப்பிரிக்கா 2003இல் வெளியிட்ட தேசியக் கொள்கை, சமயங்களைப் பற்றிய கல்வி, சமய போதனை, சமய அனுசரிப்பு (வழிபாடு, சடங்கு) ஆகிய மூன்றையும் தனித்தனியே பிரித்து, முதலாவதே பள்ளிப் பாடத்துக்கு உரியது என்றது.

எல்லா நாடுகளும் இதை ஏற்றுக்கொண்டுள்ளனவா?

இல்லை, ஏற்காததற்கு ஒவ்வொரு நாட்டுக்கும் சொந்தக் காரணம் உண்டு. ஜெர்மனியின் அடிப்படைச் சட்டம், சமயக் குழுக்களின் கோட்பாடுகளுக்கு ஏற்ப நடத்தப்படும் சமய போதனையைப் பொதுப் பள்ளியின் வழக்கமான பாடமாக்குகிறது; ஆனால் பெர்லின் 2006இல் அனைவருக்கும் பொதுவான அறவியல் பாடத்தைக் கட்டாயமாக்கியது, அதற்கு இணையான தெரிவாகச் சமய போதனையைக் கொண்டுவரக் கோரிய 2009 பொதுவாக்கெடுப்பு தோற்றது. பிரான்சில் தனிப் பாடமே கிடையாது. அல்சாஸ், மோசெல் பகுதிகள் விதிவிலக்கு. 2002இல் சிந்தனையாளர் ரெஜிஸ் தெப்ரே அளித்த அறிக்கை, சமயம் என்ற நிகழ்வை வரலாறு, இலக்கியம் போன்ற பாடங்களுக்குள் கற்பிக்கப் பரிந்துரைத்தது. இலங்கையில் ஒவ்வொரு மாணவரும் தத்தம் சமயத்தையே பாடமாகப் படிக்கின்றனர். சிங்கப்பூர் 1984இல் தெரிவுகளோடு கூடிய சமய அறிவுப் பாடத்தைக் கட்டாயமாக்கி, சில ஆண்டுகளிலேயே அந்தக் கட்டாயத்தை நீக்கியது.

அமெரிக்காவில் 1963இன் ஷெம்ப் வழக்கில் பள்ளியில் விவிலியம் வாசிக்கும் வழிபாட்டை உச்ச நீதிமன்றம் தடைசெய்ததை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே தீர்ப்பு, சமயங்களைப் பாடமாகச் சார்பின்றிக் கற்பதற்குத் தடையில்லை என்று சொன்னதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

இந்தியாவின் அரசமைப்புச் சட்டம் இதற்கு இடம் தருகிறதா?

தருகிறது. 28ஆம் உறுப்பு, முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமய போதனை கூடாது என்கிறது; அறக்கட்டளையால் நிறுவப்பட்டு அரசால் நிர்வகிக்கப்படும் சில நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு; அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் நிறுவனங்களில் ஒருவருடைய சம்மதமின்றி, சிறார் எனில் பாதுகாவலரின் சம்மதமின்றி, போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் செய்ய முடியாது. 1964-66இன் கோத்தாரி கல்வி ஆணையம் சமய போதனையையும் சமயங்களைப் பற்றிய கல்வியையும் தெளிவாக வேறுபடுத்தி, இரண்டாவதை ஆதரித்தது. 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள், சமயங்களைப் பற்றிக் கற்பது 28ஆம் உறுப்பு தடுக்கும் போதனை ஆகாது என்றனர். சட்டம் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. தயக்கம் அரசியலிலிருந்தும் ஆசிரியர் பயிற்சியின்மையிலிருந்தும் வருகிறது.

பெற்றோர் தம் பிள்ளையை இந்த வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ள உரிமை உண்டா?

கொள்கையளவில், பாடம் எந்த அளவுக்குச் சார்பற்றதாகிறதோ அந்த அளவுக்கு விலக்கின் தேவை குறைகிறது. ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 1993இல் தந்த விளக்கமும், சமயங்களின் பொது வரலாறு, அறவியல் போன்றவற்றை நடுநிலையோடும் சார்பின்றியும் பொதுப் பள்ளியில் கற்பிக்கலாம் என்கிறது. நடைமுறை அவ்வளவு எளிதன்று. நார்வே 1997இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான பாடத்தை உருவாக்கி, பகுதி விலக்கு மட்டும் அளித்தது. சமயம் சாராத மனிதநேயவாதப் பெற்றோர் தொடுத்த வழக்கில் 2007 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றத்தின் பேரமர்வு, ஒன்பதுக்கு எட்டு என்ற மயிரிழைப் பெரும்பான்மையில், நார்வே பெற்றோரின் உரிமையை மீறியது என்றது. கிறித்தவத்துக்குக் கூடுதல் இடம் அளித்தது மட்டும் குற்றமாகவில்லை. பிற சமயங்களைக் கற்பித்த தன்மையிலிருந்து அதைக் கற்பித்த தன்மையே வேறாக இருந்தது, விலக்குக் கேட்கும் பெற்றோர் தம் அந்தரங்க நம்பிக்கைகளை வெளிப்படுத்த வேண்டிய நெருக்கடிக்கும் ஆளாயினர்.

கனடாவில் கியூபெக் மாகாணம் 2008இல் கொண்டுவந்த ஒழுக்கவியல், சமயப் பண்பாடு என்ற பாடம் இரு வழக்குகளைச் சந்தித்தது. பல சமயங்களை அறிமுகப்படுத்துவதே தம் சுதந்திரத்தை மீறுவதாகப் பெற்றோர் கூறியதை உச்ச நீதிமன்றம் 2012இல் ஏற்கவில்லை. ஆனால் 2015இல், ஒரு தனியார் கத்தோலிக்கப் பள்ளி தன் சொந்தச் சமயத்தையே நடுநிலையாகக் கற்பிக்க வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியது மிகை என்றது. இவ்விரு தீர்ப்புகளும் முரண்படவில்லை: பொதுப் பள்ளியின் கடமை வேறு, ஒரு சமயச் சமூகம் நடத்தும் பள்ளியின் உரிமை வேறு. பிற்பாடு கியூபெக் அந்தப் பாடத்தையே நீக்கி, குடியுரிமையை மையமாகக் கொண்ட பாடத்தைக் கொண்டுவந்துவிட்டது. வேல்ஸ் 2022 முதல் படிப்படியாக நடைமுறைப்படுத்திய புதிய பாடத்திட்டத்தில் விலகும் உரிமை இல்லை. இங்கிலாந்தில் அது தொடர்கிறது.

இதனால் சமய நல்லிணக்கம் வளர்ந்துவிடுமா?

அளவோடு எதிர்பாருங்கள். கலிஃபோர்னியாவின் மொடெஸ்டோ நகரப் பள்ளிகள் 2000 முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் உலகச் சமயங்கள் பாடத்தைக் கட்டாயமாக்கின. 2006இல் வெளிவந்த ஆய்வு, பிறரின் சமய உரிமைகள் மீதான மாணவரின் மதிப்பு ஓரளவு உயர்ந்ததையும், எவரும் அதனால் தம் சமயத்தைவிட்டு நகர்ந்துவிடவில்லை என்பதையும் காட்டியது. தெருவில் நடக்கும் பகைமைக்குப் பள்ளிப் பாடம் மருந்தாகாது. அண்டை வீட்டாரின் நோன்பைப் பற்றி வதந்தியைத் தவிர வேறொன்றும் அறியாத நிலையிலிருந்து ஒரு பிள்ளையை மீட்பது அதன் கைக்கு எட்டிய வேலை.

பாடநூலோ பயிற்சியோ இல்லாத பள்ளி எங்கிருந்து தொடங்கலாம்?

ஏற்கெனவே உள்ள வரலாற்றுப் பாடத்திலிருந்தும் மொழிப் பாடத்திலிருந்தும் தொடங்கலாம். அவற்றில் சமயம் வரும் பக்கங்களைத் திரட்டி, மேலே சொன்னபடி வினைமுற்றுகளைச் சரிபார்த்து, ஒரு சமயத்தினரே படித்து “இது நாங்கள்தான்” என்று ஒப்புக்கொள்ளும்வரை திருத்த வேண்டும். அடுத்து, பல நம்பிக்கைகளைக் கொண்ட நான்கைந்து ஆசிரியர்கள் சேர்ந்து பத்து வினாக்களை எழுதி, தாள்களை மாற்றிக்கொண்டு விடை எழுதிப் பார்க்கலாம். எவராவது தம் நம்பிக்கைக்கு மாறாக எழுதினால்தான் மதிப்பெண் கிடைக்கும் என்று உணரும் வினாவை அங்கேயே நீக்கிவிட வேண்டும். காலை வழிபாடு நடக்கும் பள்ளி என்றால், அந்த வழிபாட்டை நடத்துபவரும் இந்த வகுப்பை எடுப்பவரும் ஒரே ஆசிரியராக இல்லாதபடி கால அட்டவணையை அமைப்பது நல்லது.